கிராணி சைஸ் படம்

பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த முடிவெட்டும் கடையில், பாதியைப் பலகை வைத்து மறைத்து ஒருவர் படக்கடை நடத்தினார். இந்தப் பக்கம் முடியை வெட்டிக்கொண்டு, தோளை உதறிவிட்டு, அந்தப் பக்கம் போய்ப் படத்துக்கு உட்காரலாம். சுற்றியிருந்த தோட்டங்களில் அவரைப் படக்காரர் என்றுதான் சொல்வார்கள். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அண்ணே என்று கூப்பிடுவேன். எனக்குக் கல்யாணம் கூடி வந்தது அவர் வாயிலிருந்து விழுந்த ஒரு சொல்லால். அது கெட்டுப்போகப் பார்த்ததும் அதே சொல்லால்தான். ஆனால் அந்த ஆள் எப்பேர்ப்பட்டவர் என்று தெரியாமல் அந்தக் கதையைக் கேட்டால் நான் பொய் சொல்கிறேன் என்பீர்கள்.

ஆள் ஒட்டடைக் கொம்பு போல உயரம். எந்நேரமும் வெள்ளைச் சட்டை. யாரைப் படம் எடுப்பதாக இருந்தாலும் முதலில் கண்ணாடி முன் நின்று தன் தலையை வாரிக்கொள்வார். "எடுக்கறவன் லட்சணமா இருந்தாதான் எதிர்ல நிக்கறவன் மொகம் தெளியும்" என்பது அவர் கட்சி. படத்தில் யாராவது பல்லைக் காட்டினால் பொறுக்க மாட்டார். "பல்ல மூடுங்க. அத டாக்டர்கிட்ட காட்டுங்க" என்பார். அந்த வட்டாரத்தில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கல்யாணம் செய்தவர்கள் எல்லாரும் படத்தில் கோர்ட்டுக்குப் போனவர்கள் மாதிரி நிற்பதற்குக் காரணம் இவர்தான்.

இதெல்லாம் சில்லறைக் குணம். பெரிய குணம் வேறு. அந்த மனுசன் எந்த ஃபிலிமையும் அதன் நம்பரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்.

அப்போது கேமராவுக்குத் தகுந்த மாதிரி ஃபிலிம் பல அளவில் வரும். நூற்றிருபது என்பது அகலமான ஃபிலிம். முப்பத்தைந்து எல்லாரும் பார்த்திருக்கும் சாதாரணச் சுருள். அதே சுருளில் ஒரு படத்துக்குரிய இடத்தில் பாதிப் பாதியாக இரண்டு படம் எடுக்கும் கேமரா ஒன்று இருந்தது. கடைசியாக, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் பொடிக் கேமராவுக்கு நூற்றிப்பத்து. ஃபிலிம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாகப் படத்தைக் கழுவலாம், முகம் உடையாது. இதில் கூத்து என்னவென்றால், நூற்றிப்பத்து என்று பேர் வைத்தது முப்பத்தைந்தைவிட எவ்வளவோ சின்னது. எவன் வைத்த கணக்கோ தெரியவில்லை.

ஒருமுறை ரப்பர் மரத்தில் பால் வெட்டும் ஆள் ஒருவர், நூற்றிப்பத்து என்றால் மூன்று மடங்கு பெரிதாக இருக்கும் என்று நம்பி அந்தப் பொடிக் கேமராவை சிரம்பானில் வாங்கி, தோட்டத்துத் தீமிதித் திருவிழா முழுவதையும் அதில் எடுத்துக்கொண்டு வந்தார். சுவர் அகலத்துக்கு ஒரு படம் வேண்டும் என்றார். அண்ணன் முடிந்தவரை பெரிதாக்கிக் கொடுத்தார். படத்தில் தீ தெரிந்தது. மிதித்த ஆள் தெரியவில்லை. மிதித்தவர் அந்த ஆளின் மாமனார். கடையில் பெரிய சண்டையாகிவிட்டது. அன்றோடு அண்ணன் நம்பரைத் தலை முழுகினார்.

அதற்குப் பதிலாக அவர் வைத்த பேர்கள் இவை: அகலமான ஃபிலிமுக்குத் தொரை. சாதாரணச் சுருளுக்குக் கிராணி. பாதிப் படத்துக்கு மண்டோர். பொடிக்கு ஆயாக்கொட்டாய்.

தோட்டத்தில் பிறந்த யாருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. தோட்டத்தை நிர்வகிக்கும் தொரைக்கு மலை மேல் பங்களா. ஆபீசில் உட்கார்ந்து வேலைக்கு வந்த ஆட்களின் பேர் போடும் கிராணிக்கு அதைவிடச் சின்ன வீடு. ஆட்களை வேலை வாங்கும் மண்டோருக்குக் கிராணி வீட்டில் பாதி. அம்மாக்கள் பால் வெட்டுக்குப் போனதும் பிள்ளைகளைப் போட்டு வைக்கும் கொட்டகைதான் ஆயாக்கொட்டாய். "தோட்டத்துல பால் குடிக்கிற புள்ளைக்குக் கூட தெரியும்லா, தொரை பெருசா கிராணி பெருசான்னு. நம்பர் எவனுக்குத் தெரியும்?" என்று அண்ணன் கேட்பார்.

பேர் பொருத்தம்தான். ஆனால் தொரையும் கிராணியும் மண்டோரும் உயிரோடு நடமாடும் ஊரில் அந்தப் பேரை ஃபிலிமுக்கு வைத்தால் என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவே இல்லை.

எங்கள் தோட்டத்துக் கிராணி தன் மகளுக்குச் சடங்கு வைத்தபோது படம் எடுக்க அண்ணனைக் கூப்பிட்டார். கிராணி வீட்டுக் கூடத்தில் விருந்தாளிகள் நிறைந்திருந்தார்கள். எத்தனை படம் வரும் என்று கிராணி கேட்டார்.

"கிராணின்னா ஒரு சுருளுக்கு முப்பத்தாறு. மண்டோர்னா அதுக்கு ரெண்டு மடங்கு வரும்" என்றார் அண்ணன்.

கிராணிக்கு முகம் மாறிவிட்டது. "மண்டோருக்கு எதுக்கு ரெண்டு மடங்கு?"

"மண்டோர் சின்னவரு இல்லையா. அதான் நெறைய அடைக்கலாம். உங்களுக்கு நான் மண்டோரே போதும்னு நெனச்சேன். தெளிவு கொஞ்சம் கம்மி, ஆனா பாக்கறவங்களுக்குத் தெரியாது."

கூடத்தில் இருந்த மண்டோர் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். கிராணியின் மனைவி சமையற்கட்டிலிருந்து வந்து, எங்கள் வீட்டு விசேஷத்துக்கு மண்டோர் போதும் என்று சொல்ல நீ யார் என்று கேட்டார். அண்ணனுக்கு அப்போதும் ஒன்றும் விளங்கவில்லை. "சரிக்கா, கிராணியையே போட்டுருவோம், கோவப்படாதீங்க" என்று சொல்லி, எல்லார் முன்னாலும் கேமராவைத் திறந்து கிராணியை உள்ளே போட்டு மூடினார்.

இதைவிட மோசமானது கோப்பிக் கடையில் நடந்தது. அந்தச் சமயம் தோட்டத்தில் சம்பளப் பேச்சு இழுபறியாக இருந்தது. ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். கோப்பிக் கடையில் இருந்த போனில் அண்ணன் யாரோ வாடிக்கைக்காரரிடம் பேசினார். கடை முழுக்கக் கேட்டது.

"தொரைய முடிச்சாச்சு. இருட்டுலயே வச்சுக் கழுவி, கயித்துல தொங்க விட்டிருக்கேன். நல்லா காஞ்சதும் வெட்டிடலாம். ஆமா, துண்டு துண்டாத்தான். நீங்க வந்து வாங்கிக்கலாம்."

தொழிற்சங்கத்து ஆள் ஒருவர் எங்கள் மேசையில் இருந்தார். தன் கோப்பிக் கிளாசைத் தூக்கிக்கொண்டு மெதுவாக வேறு மேசைக்குப் போனார். கடைக்காரச் சீனர் தமிழ் நன்றாகத் தெரிந்தவர். அவர் அண்ணனிடம் அன்று காசு வாங்கவில்லை. "ஏன்லா எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறானுங்க?" என்று அண்ணன் என்னைக் கேட்டார். தலையை வாரிவிட்டு வந்தது கலைந்துவிட்டதோ என்று அவருக்குச் சந்தேகம்.

இந்தப் பிடிவாதம் அவருக்குக் கடைசி வரை இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில், அவருக்குக் கண் மங்கி, உடம்பும் முடியாமல், கடையைப் பாதி நாள் பூட்டி வைத்திருந்த காலத்தில், அவர் அக்கா மகன் ஒரு பிளாஸ்டிக் பையில் எதையோ கொண்டு வந்தான். செனவாங்கில் மின்னணுச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. பழுது என்று கழித்துப் போட்டதில் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். நானும் அன்று, அப்போது குடியிருந்த பாரோயிலிருந்து அவரைப் பார்க்கப் போயிருந்தேன்.

"மாமா, இனிமே வர்ற டிஜிட்டல் கேமராவுல ஃபிலிம் கெடையாது. இந்தச் சில்லுதான் படத்தப் புடிக்கும். சென்சார்னு பேரு. இது ஒரு இன்ச்சுல மூணுல ஒரு பங்கு சைஸ்."

அண்ணன் அதை உள்ளங்கையில் வைத்து, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. அளவுகோலை எடுத்து வரச் சொன்னார். நீளத்தை அளந்தார். அகலத்தை அளந்தார். குறுக்கே மூலைக்கு மூலை பிடித்தும் பார்த்தார்.

"இழுத்துப் புடிச்சாலும் கால் இன்ச்சு வரலியே. மூணுல ஒண்ணு எங்கருந்து வந்திச்சு?"

"அது முந்தி டிவி கேமராவுல கண்ணாடிக் குழாய் இருந்திச்சு மாமா. அந்தக் குழாயோட குறுக்களவு அது."

"இதுல குழாய் எங்க?"

"இதுல குழாய் இல்ல. குழாயெல்லாம் எப்பவோ போயிடிச்சி."

"இல்லாத குழாயோட அளவத்தான் இதுக்குப் பேரா வச்சிருக்கானுங்க."

"ஆமா மாமா. ஒரு இன்ச்சு சென்சார்னு பெருசு ஒண்ணு இருக்கு. அதுவும் ஒரு இன்ச்சு இருக்காது."

அண்ணன் சிரிக்கத் தொடங்கினார். எனக்குப் பயமாகிவிட்டது, அந்த உடம்போடு அப்படிச் சிரிக்கக் கூடாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னையப் போயி கிறுக்கன்னு சொன்னீங்களேடா இந்த பகாவ்ல. வெளிநாட்டுல படிச்சவன்லாம் என்ன பண்றான் பாரு" என்றார். பிறகு, இதற்கு என்ன பேர் வைக்கலாம் என்று மெனக்கெட்டு யோசித்தார். எடுத்த படம் வேண்டாமென்றால் உடனே அழித்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம் என்று பையன் சொன்னதும் அவருக்குப் பேர் கிடைத்துவிட்டது. அந்த வருசங்களில் தோட்டத்து வேலை பாதிக்கு மேல் குத்தகை ஆட்கள் கைக்குப் போயிருந்தது.

"கொன்ட்ராக்டு" என்றார். "இன்னைக்கி வேல செய்வான். நாளைக்கி இருக்க மாட்டான்."

இனி என் கதைக்கு வருகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். கித்தா என்கிற ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்ப்பனை போட்ட காலம். குலைகளை ஏற்றி வருவது என் வேலை. புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்த என் அத்தை, அங்கே ஒரு பெண் இருப்பதாகச் சொல்லி என் படத்தைக் கேட்டார். அண்ணனிடம் போனேன். வெள்ளைச் சட்டை போட வைத்து, என் தலையையும் அவரே வாரிவிட்டு, பல்லை மூடச் சொல்லி, சாதாரணச் சுருளில் எடுத்துக் கொடுத்தார். படம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. என் அம்மாவே யார் இது என்று கேட்டார்.

பெண்ணின் அப்பா அந்தத் தோட்டத்தில் மண்டோர். அத்தை போய், "தோட்டத்துல வேல, நல்ல பையன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அத்தைக்கு அவ்வளவுதான் பேச வரும். மண்டோருக்கு அது போதவில்லை. படத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் பகாவ் படக்கடையின் முத்திரை இருந்தது. எடுத்தவனுக்கு ஆளைத் தெரிந்திருக்குமே என்று பஸ் மாறி பஸ் மாறி அங்கேயே வந்துவிட்டார். கல்யாண விசாரணை என்று பச்சையாகச் சொல்ல அவருக்குக் கூச்சம். அன்று நடந்த பேச்சை, பலகைக்கு அந்தப் பக்கம் யாருக்கோ முகம் மழித்துக்கொண்டிருந்த முடிவெட்டும் கடைக்காரர் ஒரு சொல் விடாமல் கேட்டு, பின்னால் எனக்குச் சொன்னார்.

"இந்தப் படத்தப் பத்திக் கொஞ்சம் வெவரமா சொல்லணும். பெரிய காரியம்" என்றிருக்கிறார் பெண்ணின் அப்பா.

படத்தைப் பெரிதாக்க வந்த ஆள் என்று அண்ணன் நினைத்துக்கொண்டார். "சொல்றதுக்கு என்ன. இது கிராணி."

"கிராணியா? நல்லா தெரியுமா?"

"என்னாங்கய்யா, நான் எடுத்தது எனக்குத் தெரியாதா? கிராணிதான்."

"மண்டோரா இருந்து மேல வந்ததா?"

"மண்டோரா? மண்டோரா இருந்தா இந்தத் தெளிவு வராதுங்கய்யா. மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிரும்."

மண்டோர் அதை விழுங்கிக்கொண்டார். "கெட்டது ஏதாச்சும் இருந்தாலும் மறைக்காம சொல்லிடுங்க."

"ஒரு கறை கெடையாது. ஒரு கீறல் கெடையாது. நானே கழுவினது."

சின்னப் பிள்ளையிலிருந்து தூக்கி வளர்த்தவர் போலிருக்கிறது என்று பெண்ணின் அப்பாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. கடைசியாக ஒரு ஆசை கேட்டார். "பின்னால தொரையா வர்றதுக்கு வாய்ப்பு இருக்குங்களா?"

"அது முடியாதுங்கய்யா. கிராணிய தொரையாக்கறேன்னு கோலாலம்பூர்ல சொல்லுவான், நம்பாதீங்க. ரொம்ப இழுத்தா உடைஞ்சிரும். கிராணி கிராணியா இருக்கறதுதான் அழகு."

இவ்வளவு நேர்மையாகப் பேசும் ஆளைப் பெண்ணின் அப்பா அதுவரை பார்த்ததில்லையாம். கையைப் பிடித்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அண்ணன் வெளியே வந்து, "இவ்வளவும் கேட்டுட்டு ஒரு படம் கூட கழுவாம போறாரு பாருங்க" என்று கடைக்காரரிடம் குறைப்பட்டிருக்கிறார்.

நாங்கள் பெண் பார்க்கப் போனோம். எனக்கு நாற்காலி போட்டார்கள். என் அப்பாவுக்குக் கூடப் பெஞ்சுதான். பெண்ணின் அப்பா என்னைப் பார்த்து, "வேல பூரா உக்காந்துதானே, மாப்புள?" என்றார்.

"ஆமாங்க மாமா. ஏறி உக்காந்தா எறங்கறதே இல்ல."

"வெயில்ல அலைய வேண்டியதில்ல."

"மேல கூரை போட்டிருக்காங்க."

"பொறுப்பு ஜாஸ்தி இருக்குமே?"

"பின்னால எவ்வளவு ஏத்தினாலும் நாமதான் இழுக்கணும்."

அடக்கமாகப் பேசுகிறேன் என்று அவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டிராக்டர்காரனுக்கு இவ்வளவு மரியாதை தருகிற ஊரும் இருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம். அப்போது கோப்பித் தட்டோடு அந்தப் பெண் வந்தாள். கிளாசை என் கையில் கொடுத்தாள். கொடுத்தவள் ஒரு நிமிசம் கீழே பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்கு அதோடு எல்லாம் முடிந்துவிட்டது. திரும்பும் வழியில் பஸ்ஸில் என் அம்மா பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. இந்தப் பெண் இல்லையென்றால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று போர்ட்டிக்சன் முக்கு தாண்டுவதற்குள் முடிவு செய்திருந்தேன்.

இதில் அத்தையும் உண்மையை அவிழ்க்கவில்லை. பெண்ணின் அப்பா ஊரெல்லாம் கிராணி மாப்பிள்ளை என்று சொல்வதைக் கேட்டு, எனக்கு வேலை உயர்ந்துவிட்டது, தன்னிடம் சொல்லாமல் மறைத்துவிட்டோம் என்று நினைத்து எங்கள் மேல் கோபமாக இருந்தார்.

பரிசம் போட்டாயிற்று. கல்யாணக் கார்டு வந்தது. என் பேருக்குக் கீழே, கொட்டை எழுத்தில், கிராணி என்று அச்சடித்திருந்தது.

அச்சுக்காரன் பிழை என்றார் அப்பா. எனக்கு நாற்காலியும் கூரையும் பொறுப்பும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. நான் டிராக்டர்தான் ஓட்டுகிறேன், இதில் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அத்தைக்குச் சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாள், பணிமனையில் டிராக்டரைப் பழுது பார்க்க நான் பகாவ் போயிருந்தபோது, முடிவெட்டும் கடைப் பையனே ஓடி வந்தான். புக்கிட் பெலண்டோக்கிலிருந்து டாக்சியில் ஆட்கள் வந்து படக்காரரைப் பிடித்துக்கொண்டார்கள், உடனே வா என்றான். டிராக்டரை எடுத்துக்கொண்டே போய்க் கடை வாசலில் டாக்சிக்குப் பின்னால் நிறுத்தி இறங்கினேன். கை கால் எல்லாம் கரி. அதற்கு மேல் நான் வாய் திறந்து உண்மையைச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பெண்ணின் அப்பா டிராக்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அண்ணனிடம் திரும்பினார்.

"கிராணின்னு நீ சொன்னியா இல்லியா?"

"சொன்னேன். கிராணிதாங்கய்யா."

"வெளிய நிக்கிறானே, அவன் கிராணியா?"

"அவன் டிராக்டரு. படம்தான் கிராணி." அண்ணன் உள்ளே ஓடி, ஃபிலிம்களை அள்ளி வந்து மேசையில் பரப்பினார். "இங்க பாருங்க, இது தொரை. இது மண்டோர். இது ஆயாக்கொட்டாய்."

இதைப் போன்ற ஒரு விளக்கத்தைக் கேட்கிற மனநிலையில் அந்த மனுசன் இல்லை. "எம்பொண்ணு வாழ்க்கைய வச்சி வெளையாடறியா? பரிசம் திரும்பப் போவுது. கல்யாணம் கெடையாது" என்றார். ஏமாந்தோம் என்பதைவிட, ஊர் சிரிக்குமே என்பதுதான் அவர் முகத்தில் இருந்தது.

அப்போது அண்ணன் என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ. மேசையில் இருந்த சுருளைக் கையில் எடுத்தார். வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார்.

"தப்பு என்மேலதாங்கய்யா. இது கிராணி இல்ல. முப்பத்தஞ்சி."

பலகைக்கு அந்தப் பக்கம் கத்திரிச் சத்தம் நின்றுவிட்டது. அந்த நம்பரை அவர் வாயால் பகாவில் யாரும் கேட்டதில்லை. அதற்காக நான் அவருக்கு இன்றும் கடன்பட்டவன். ஆனால் அது எவ்வளவு பெரிய காரியம் என்று பெண்ணின் அப்பாவுக்கு எப்படித் தெரியும்? "முப்பத்தஞ்சியோ முன்னூறோ, எனக்கு என்னா?" என்று வெளியே நடந்தார்.

டாக்சிக் கதவு திறந்தது. பரிசத் தட்டைத் திருப்பிக் கொடுக்க எங்கள் வீட்டுக்குப் போவதற்காக மனைவியையும் மகளையும் அழைத்து வந்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் இறங்கி வந்து அப்பா முன்னால் நின்றாள்.

"அப்பா, அவரு கிராணி இல்லன்னு எனக்குப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே தெரியும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கோப்பி குடுக்கையில கையப் பாத்தேன். நகத்துல கிரீஸு. எந்தக் கிராணி கையில கிரீஸு இருக்கும்?"

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீங்க அன்னைக்கி எவ்ளோ சந்தோசமா இருந்தீங்க. தெனம் ஒரு வீட்டுக்குப் போயி கிராணி மாப்புளன்னு சொல்லிட்டு வந்தீங்க. எனக்கு எப்படிப்பா மனசு வரும்?" பிறகு என் பக்கம் திரும்பாமலே, "எனக்கு அவரு என்ன ஓட்டினாலும் சரி" என்றாள்.

பெண்ணின் அப்பா கடைக்குள் திரும்பி வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல், முடிவெட்டும் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கடைக்காரருக்குப் பழக்கதோசம், துணியைப் போர்த்தி, முகம் முழுக்க நுரையைத் தடவிவிட்டார். கழுத்தில் கத்தி இருக்கும்போது யாரும் கோபமாகப் பேச முடியாது. நாங்கள் எல்லாரும் சுவரோரம் வரிசையாக நின்று அவர் முகம் மழிபடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணன் மட்டும் கண்ணாடியில் தன் தலையை வாரிக்கொண்டார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்த பெண்ணின் அப்பா என்னிடம் சொன்னார்: "கார்டு பாதிக்கு மேல குடுத்தாச்சு, மாப்புள. மாத்த முடியாது. யாராச்சும் கேட்டா ஆமான்னு சொல்லிட்டுப் போ. ஆறு மாசம் போனா எவனுக்கு ஞாபகம் இருக்கப்போவுது?"

எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் ஊரில் நான் கிராணி. அங்கிருந்து பகாவுக்குப் பேர் பரவி, இங்கேயும் கிராணி. பாரோய்க்கு வீடு மாறிப் போனோம், பக்கத்து வீட்டில் என் மனைவியின் சொந்தக்காரர்கள், அங்கேயும் கிராணி. என் பிள்ளைகளைப் பள்ளியில் கிராணி வீட்டுப் பிள்ளைகள் என்றார்கள். ஒரு நாள் கூட ஆபீஸ் நாற்காலியில் உட்காராமல், கிராணி என்று யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டேன். அந்தப் பேரைக் கிளப்பிவிட்ட மனுசன் மட்டும் என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் மறுநாளே தன் பழைய பேர்களுக்குத் திரும்பிவிட்டார். தொரையைக் கழுவினார், மண்டோரை வெட்டினார். ஆனால் என்னைப் பார்த்தால், "டிராக்டரு, பசியாறியாச்சாலா?" என்றுதான் கேட்பார். வருசக்கணக்காக, ஒருமுறை கூடத் தப்பியதில்லை.

அக்கா மகன் அந்தச் சில்லைக் கொண்டுவந்து காட்டிய அடுத்த வருசம் அண்ணன் போய்விட்டார். நானும் என் மனைவியும் பகாவுக்குப் போனோம். பந்தலில் நல்ல கூட்டம். யாரோ என்னைப் பார்த்துவிட்டு, "கிராணி வந்துட்டாரு, நாற்காலி கொண்டாந்து போடுங்க" என்றார்கள். போட்டார்கள். அதில் உட்கார்ந்து அழுதேன். அத்தனை கூட்டத்திலும் என்னை டிராக்டரு என்று கூப்பிட ஒரு ஆள் இல்லை.